ஓட்டும் ஓட்டையும்: நோமிக் ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

விதிகளை மாற்றுவதையே ஆட்டமாக ஆடும் நோமிக்கின் விதித்தாளில் 202ஆம் விதி கேட்பது இரண்டே வேலைகள். முறை வந்தவர் ஒரு விதிமாற்றத்தை முன்மொழிந்து ஓட்டுக்கு விட வேண்டும். அப்புறம் ஒரு பகடையை ஒரு தடவை உருட்டி, விழுந்த முகத்தின் எண்ணைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பகடைக்கு எத்தனை முகம் என்று அந்த விதியில் இல்லை. வேறு எந்த விதியிலும் இல்லை.

நாங்கள் முதன்முதலாக ஆடியபோது நான், தங்கை, அத்தை மகன், கல்லூரித் தோழர் என்று நாலு பேர் இதே வரிசையில் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நானும் தங்கையும் லூடோ பெட்டியில் இருந்த பகடையை உருட்டி முடித்தோம். மூன்றாவது ஆளான அத்தை மகன் சட்டைப்பையில் கையை விட்டு இருபது முகப் பகடை ஒன்றை எடுத்து உருட்டினான். பதினேழு விழுந்தது.

“இது செல்லாது” என்றார் தோழர்.

“எந்த விதிப்படி?” என்றான் அவன்.

யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பதினேழு நின்றதா என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். ஓட்டை கண்ணில் படுவது பெரிய விஷயமே இல்லை, மூல விதிகளில் அரை மணி நேரம் செலவழித்தால் நாலைந்து கிடைக்கும். கிடைத்ததைத் தீர்ப்பில் நிற்க வைப்பதுதான் வித்தை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. நோமிக்கை 1982இல் உருவாக்கியவர் பீட்டர் சூபர், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எர்ல்ஹாம் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அதே ஆண்டு ஜூன் மாத ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் தன் பத்தியில் இதை அறிமுகப்படுத்த, ஆட்டம் பரவியது. ஓர் அரசியல் சட்டத்தில் ‘திருத்தம் செய்வது எப்படி’ என்று சொல்லும் பிரிவைக் கொண்டு அந்தப் பிரிவையே திருத்தலாமா என்ற கேள்வி சூபரின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அதை மேசையில் வைத்து ஆடிப் பார்க்கும் வழிதான் நோமிக். இங்கே ஒவ்வொரு நகர்வும் ஒரு சட்டத் திருத்தம்.

தொடக்க விதிகள் 29. இவற்றில் 101 முதல் 116 வரை மாறா விதிகள், 201 முதல் 213 வரை மாறும் விதிகள். 208இன்படி முதலில் 100 புள்ளி எடுப்பவர் வெற்றி. ஆறு முகப் பகடையில் ஒவ்வொரு தடவையும் ஆறே விழுந்தாலும் 100 தொட 17 முறை வேண்டும். ஆக, பகடையை நம்பி யாரும் ஜெயிப்பதில்லை. புள்ளி விதியிலிருந்துதான் வர வேண்டும்.

116ஐ மனப்பாடம் செய்யுங்கள்

மற்ற விதிகளைத் தாளைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். 116 மட்டும் தலையில் இருக்க வேண்டும். எந்த விதியும் தடுக்காத, ஒழுங்குபடுத்தாத செயல் அனுமதிக்கப்பட்டது என்கிறது அது. ஒரே ஒரு விலக்கு உண்டு: விதிகளை மாற்றுவது. அதற்கு ஏதாவது ஒரு விதி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ இடம் கொடுத்திருக்க வேண்டும்.

புதியவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த விலக்கில்தான். “பேனாவால் 208ஐ அடித்துவிட்டு 100க்குப் பதில் 20 என்று எழுதக்கூடாது என்று எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். எங்கேயும் இருக்க வேண்டியதில்லை. பகடை, நாற்காலி, நேரம், பேச்சு என்று மற்ற எல்லாவற்றிலும் விதியின் மௌனம் உங்களுக்குச் சாதகம். விதியை மாற்றுவதில் மட்டும் மௌனம் உங்களுக்கு எதிரி. ஓட்டை ஒன்று தோன்றிய உடனே இது எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ரகம் என்று பாருங்கள்

212ஆம் விதியே மூன்று ரகங்களைச் சொல்லிவிடுகிறது. விதி மௌனமாக இருக்கலாம், ஒன்றோடொன்று முரண்படலாம், தெளிவில்லாமல் இருக்கலாம். இந்த மூன்று நிலைகளில் மட்டும் நடுவர் முதலில் ஆட்டத்தின் வழக்கத்தையும் உணர்வையும் பார்க்க வேண்டும், மற்ற அளவுகோல்கள் அதற்கப்புறம்தான். விதி தெளிவாகப் பேசினால் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

பகடைக் கதை மௌன ரகம். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் அவனுக்கு முந்தைய ஆளான என் தங்கை. அவள் தாளை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “விதி வாயைத் திறக்கவில்லை. அப்போ வழக்கத்தைத்தான் பார்க்கணும். இதுவரைக்கும் ரெண்டு தடவை உருட்டியிருக்கோம், ரெண்டும் ஆறு முகம். மறுபடி உருட்டு.” பதினேழு போயிற்று. லூடோ பகடையில் அவனுக்கு விழுந்தது 2.

அவன் பிழை ஓட்டையில் இல்லை, நேரத்தில். முதல் ஆளாக உட்கார்ந்து அந்தப் பகடையை எடுத்திருந்தால் வழக்கம் என்று காட்ட எவரிடமும் ஒன்றுமில்லை. ஒருவேளை அவன் உருட்டியதே வழக்கமாகியிருக்கும். மௌன ஓட்டைகள் முதல் சுற்றில்தான் பச்சையாக இருக்கும், நாளாக ஆகக் காய்ந்துவிடும்.

முரண் ரகத்துக்கு ஒரு ஏணி இருக்கிறது. மாறா விதியும் மாறும் விதியும் மோதினால் 110இன்படி மாறா விதி வெல்லும், மாறும் விதி முழுவதுமாகச் செல்லாமல் போகும். மோதிய வரி மட்டும் போவதில்லை, விதி முழுதும் போகும். இரண்டும் ஒரே ரகம் என்றால் 211இன்படி சிறிய எண் உள்ள விதிக்கு முன்னுரிமை. ஏதாவது ஒரு விதி “நான் இன்ன விதிக்கு மேல்” அல்லது “கீழ்” என்று தன்னைப் பற்றித் தானே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு எண்ணைத் தாண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் குழி 108. திருத்தப்பட்ட விதி பழைய எண்ணை இழந்து, திருத்திய முன்மொழிவின் எண்ணைப் பெறுகிறது. 203ஐத் திருத்தினால் அது 305 ஆகிவிடலாம். உள்ளே ஒரு கால்புள்ளியை மட்டும் மாற்றியிருந்தாலும் ஏணியில் நூறு படி கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். “சின்னத் திருத்தம்தானே” என்று யாராவது குழைவாகப் பேசினால் எண்ணைப் பாருங்கள்.

வலப்பக்கம் இருப்பவரைப் படியுங்கள்

விதியைப் படித்த நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவழியுங்கள் என்பேன். ஆட்டம் கடிகாரச் சுற்றில் போகிறது. தகராறு வந்தால், முறை நடத்துபவருக்கு முந்தைய ஆட்டக்காரர்தான் நடுவர். அதாவது உங்கள் முறையில் உங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர். எப்போதும் அவரேதான்.

அவர் சொன்ன தீர்ப்பை மற்றவர்கள் ஒருமனதாக ஓட்டுப் போட்டால் மட்டுமே கவிழ்க்கலாம், அதுவும் அடுத்த முறை தொடங்குவதற்கு முன்பு. அந்த ‘மற்றவர்கள்’ கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குச் சாதகமான தீர்ப்பைக் கவிழ்க்க உங்கள் கையும் உயர வேண்டும். நீங்கள் ஏன் உயர்த்தப் போகிறீர்கள்? வலப்பக்கத்து ஆள் “சரி” என்று சொல்லிவிட்டால் மேசையில் மீதி இருக்கும் அத்தனை பேரும் கொதித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் “இல்லை” என்றால், மீதிப் பேரில் ஒருவர் அதில் லாபம் பார்த்தாலும் உங்கள் கதை முடிந்தது.

எனவே உங்கள் ஓட்டையால் வலப்பக்கத்தவருக்கு நஷ்டம் வரக்கூடாது. அவருக்கும் நாலு புள்ளி கிடைக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றே ஒன்று: 210 எதிர்கால விதிமாற்றங்களைப் பற்றிக் கூடிச் சதி செய்வதையும் கலந்து பேசுவதையும் தடுக்கிறது. காதோடு காதாகப் பேரம் பேசாமல், அவராகவே லாபத்தைப் பார்க்கும்படி அமைக்க வேண்டும்.

தகராறு எழுப்ப யாரும் காத்திருக்கத் தேவையில்லை. எந்த ஆட்டக்காரரும் அடம்பிடித்தாலே அது தகராறாகிவிடும். உங்கள் நகர்வின் மீது நீங்களே தீர்ப்புக் கேட்கலாம். எதிர்வாதம் யாருக்கும் உருவாகும் முன்பே கேட்பது பல நேரம் புத்திசாலித்தனம். அடுத்த முறை தொடங்கிவிட்டால் தீர்ப்பு கல்லில் எழுதியது மாதிரி. ஆனால் தீர்ப்புக் கேட்டபின் அடுத்தவர் முறையைத் தொடங்க மற்றவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும், அதனால் அவசரமாகப் பகடையைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சூபரின் விதியில் புதிய நடுவர் பழைய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. மற்ற நோமிக்குகளில் இது மாறும். 1993 ஜூன் 30 முதல் மின்னஞ்சலில் நடந்துவரும் அகோரா என்ற நோமிக்கில், விதி மௌனமாகவோ தெளிவில்லாமலோ இருந்தால் நடுவர் நாலு விஷயங்களைப் பார்ப்பார்: ஆட்டத்தின் வழக்கம், பொது அறிவு, முந்தைய தீர்ப்புகள், ஆட்டத்தின் நலன். அங்கே நுழைந்தால் பழைய தீர்ப்புகளைக் கிளறாமல் ஓட்டை தேடுவது வீண் வேலை. நீங்கள் இன்று கண்டுபிடித்ததை ஒருவர் முன்பே முயன்று மூக்குடைபட்டிருப்பார்.

முடியாதா, கூடாதா?

இது தமிழில் ஆடுபவர்களுக்கு என்றே வாய்த்த ஓட்டை. ‘செய்ய முடியாது’ என்று விதி சொன்னால், நீங்கள் செய்ததாக நினைத்தது நடக்கவே இல்லை. ‘செய்யக்கூடாது’ என்றால் நடந்துவிட்டது, நீங்கள் குற்றவாளி, அவ்வளவுதான். குற்றத்துக்குத் தண்டனை எழுதப்படவில்லை என்றால் அந்தக் குற்றமும் இலவசம். அகோராக்காரர்கள் இந்தச் சண்டையில் அலுத்துப்போய் ‘முடியும்’, ‘செய்யலாம்’, ‘செய்தே ஆக வேண்டும்’ ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொருளை விதியிலேயே வரையறுத்து வைத்திருக்கிறார்கள். சூபரின் ஆங்கில மூலத்தில் இருப்பது இரண்டுக்கும் இடம் கொடுக்கும் வழவழப்பான சொல். மொழிபெயர்ப்பவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும்.

எங்கள் தாளில் 209 இப்படி இருந்தது: ‘எந்த நேரத்திலும் 25க்கு மேல் மாறும் விதிகள் இருக்கக்கூடாது.’ ஏழாவது சுற்றில் எண்ணிக்கை சரியாக 25. என் முறை. நான் ஒரு சாதுவான விதியை முன்மொழிந்தேன். அதற்குள் பெரும்பான்மை போதும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தோம். மூன்று ஓட்டு ஆதரவு, அத்தை மகன் மட்டும் எதிர்ப்பு. நிறைவேறியது என்று நான் எழுதப் போகும்போது அவன் கையை நீட்டித் தடுத்தான்: “இது இருபத்தாறாவது. 209 இருக்கிறது.”

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். 104 மாறா விதி. முறையாக முன்மொழியப்பட்ட விதிமாற்றம் தேவையான ஓட்டைப் பெற்றால் நிறைவேறும் என்கிறது. நிறைவேற்று என்கிறது 104, வேண்டாம் என்கிறது 209. மோதல். 110இன்படி 209 முழுதாகச் செல்லாது. என் விதியும் நிற்கும், 25 என்ற உச்சவரம்பும் ஒழியும். போதாக்குறைக்கு, 209இல் இருப்பது ‘கூடாது’தானே, ‘முடியாது’ இல்லையே என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நடுவர் தோழர். அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். “104இல் ‘முறையாக முன்மொழியப்பட்ட’ என்று இருக்கிறது. இடம் நிரம்பிய பேருந்தில் டிக்கெட் கேட்பது முறையான கேட்பு இல்லை. ஆகவே மோதலே இல்லை. விதி விழுந்தது.” ‘கூடாது’ பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தீர்ப்பைக் கவிழ்க்க நான், தங்கை, அத்தை மகன் மூவரும் சேர வேண்டும். அத்தை மகன் எங்கே சேரப் போகிறான்?

ஆனால் அவன் இன்னொன்று கேட்டான். ஒருமனதில்லாமல் நிறைவேறும் விதிமாற்றத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கு 204இன்படி 10 புள்ளி உண்டு. “நான் எதிர்த்தேன், எனக்குப் பத்து.” தோழர் சிரித்துவிட்டார். “விதி விழுந்தது என்று வாதாடி ஜெயித்தது நீதான். ஜெயித்த முன்மொழிவை எதிர்த்ததாகப் பத்தும் வேண்டுமா? ரெண்டில் ஒன்று சொல்லு.” நானும் சந்தடி சாக்கில் ஒன்று தப்பித்தேன். முன்மொழிவு தோற்றால் முன்மொழிந்தவருக்கு 206இன்படி 10 புள்ளி குறையும். என் முன்மொழிவு ஓட்டில் தோற்கவில்லையே. அதைத் தோழரும் ஒப்புக்கொண்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாதத்தைத் தயாரிக்கும்போது எதிராளி எந்தச் சொல்லில் தொங்குவார் என்று தேடுங்கள். நான் ‘நிறைவேறும்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், ‘முறையாக’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன். விதிகளில் இந்த மாதிரி உபரி போலத் தெரியும் அடைமொழிகள்தான் நடுவருக்கு ஊன்றுகோல்.

எப்போது எடுப்பது

முதல் இரண்டு சுற்றுகளில் விதிமாற்றத்துக்கு ஒருமனது வேண்டும் என்கிறது 203. அதற்குள் அந்த விதி திருத்தப்படவில்லை என்றால் தானாகவே பெரும்பான்மைக்கு மாறிவிடும். தொடக்க விதியிலேயே இருக்கும் ஓட்டையை முதல் சுற்றில் நீங்கள் பயன்படுத்தினால் அதை அடைக்க உங்கள் ஓட்டும் தேவை. நீங்கள் தர மாட்டீர்கள், அடைக்க முயன்றவருக்கு 10 புள்ளி நஷ்டம். மூன்றாவது சுற்றில் எடுத்தால் அடுத்த ஆளே அடைத்துவிடுவார். 107 பின்னோக்கிய விதிமாற்றத்தைத் தடுப்பதால் வாங்கிய புள்ளியைப் பிடுங்க முடியாது, ஆனால் இரண்டாம் தடவை கிடைக்காது. பிந்திய ஓட்டை ஒரே வீச்சில் 100க்குக் கொண்டுபோகிற அளவு பெரிதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஒருமனதுக் காலத்தை நீட்டிக்கவும் வழி இருக்கிறது. ‘திருத்தப்படவில்லை என்றால்’ என்றுதானே 203 சொல்கிறது? ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் திருத்தம் திருத்தம்தான். பலனில்லாத திருத்தம் என்று 111ஐக் காட்டி மற்றவர்கள் வாதாடலாம், ஆனால் அந்த விதி வாதாட இடம் தருகிறதே தவிர, தடை போடவில்லை.

பூட்டை மறக்காதீர்கள்

மாறா விதியை மாறும் விதியாக்க ஒருமனது வேண்டும் என்பது 109. திருப்பிப் படியுங்கள். மாறும் விதியை மாறா விதியாக்குவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே அதற்குச் சாதாரண ஓட்டுப் போதும். பெரும்பான்மைக் காலத்தில் நாலு பேரில் மூன்று பேர் பூட்டலாம், திறக்க நாலு பேரும் வேண்டும். பூட்டிய விதி ஏணியில் மேலே ஏறி, தன்னோடு மோதும் மாறும் விதிகளைச் சாகடிக்கவும் ஆரம்பிக்கும். தொடக்க விதிகளில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். உங்களுக்குப் புள்ளி தரும் விதி ஒன்றை “இது நல்ல விதி, நிரந்தரமாக்குவோம்” என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லுங்கள். அடுத்தவருக்குத் தரும் விதியை அப்படிச் சொன்னால் ஓட்டை எண்ணுங்கள், ஓட்டுகளையும் எண்ணுங்கள்.

213ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. நகர்வு சட்டப்படி சரியா தவறா என்று முடிவே கட்ட முடியாத நிலை வந்தாலோ, சரியும் தவறும் சமம் என்று நடுவருக்குத் தோன்றினாலோ, முறையை முடிக்க முடியாத முதல் ஆளுக்கு வெற்றி. புதியவர்கள் இதைப் படித்ததும் முரண்பாட்டு விதி எழுதக் கிளம்புவார்கள். ‘சரியும் தவறும் சமம்’ என்று சொல்ல வேண்டியவர் வலப்பக்கத்து நடுவர். ஆட்டத்தையே உங்களுக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்கு என்ன பைத்தியமா? தவிர, வெற்றி என்பது புள்ளியால்தான் என்கிற 112 மாறா விதி, ஆட்டம் தொடர முடியாத நிலைக்கு மட்டும் விலக்குத் தருகிறது. ‘சரியும் தவறும் சமம்’ அந்த விலக்குக்குள் அடங்காது என்று நடுவர் சொன்னால் 213 மொத்தமும் போகும்.

நீங்கள் விதி எழுதும்போது

இரணியன் வரம் கேட்டது மாதிரி எழுதாதீர்கள். பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று பட்டியல் போட்டால் அந்தியும் வாசற்படியும் மிஞ்சும். பட்டியலுக்குப் பதில் என்ன வேண்டுமோ அதை நேராகச் சொல்லுங்கள். புதிய ஆட்களோடு ஆடுவதானால் ஓட்டைக்குள் புகுவது இந்த மேசையில் மரியாதையான வேலைதான் என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுவார்த்தை இருக்காது. தடுக்கில் பாய்ந்தால் கோலத்தில் பாய ஆள் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் ருசி.

இரண்டாவது ஆட்டத்தில் நாங்கள் முதல் சுற்றிலேயே 202ஐத் திருத்திவிட்டோம்: ‘ஆறு முகங்கள் உள்ள பகடை.’ எல்லாரும் ஓட்டுப் போட்டோம். தங்கை ஓட்டுப் போட்ட கையோடு பேனா ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. அவள் முறை வந்தது. பகடை உருண்டு நின்றது. ஆறு புள்ளிகளுக்கு நடுவே நீல மையில் இன்னும் மூன்று.

“ஒன்பது” என்றாள். “முகம் ஆறுதான். எண்ணிக்கொள்ளுங்கள்.”

அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது நான்.